இருப்பதிலேயே சிவப்பான மரம்

மட்சுயாமா
ஆகஸ்ட் 28

கோகுரே மேப்பிள் நர்சரி உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கும் பால்கனிக் கம்பியில் கை வைக்க முடியவில்லை. ஆன்கியோவில் மரங்களின் நடுவே இருக்கும் உங்களுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

போன ஏப்ரலில் தங்களிடமிருந்து ‘தேஷோஜோ’ மேப்பிள் ஒன்று வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தபோது இலைகள் நன்றாகவே இருந்தன. சோயாவில் வேகவைத்த கடற்பாசி மாதிரி கருமையாக, இளசாக, மினுமினுப்பாக. தங்கள் கேட்லாக்கில் ‘தெருவில் போகிறவரை நிறுத்திவிடும் சிவப்பு’ என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் யாரும் நிற்கவில்லை. நான் இருப்பது மூன்றாம் மாடி, அதனால் இதை ஒரு புகாராகச் சொல்லவில்லை.

புகார் வேறு. போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாள் துணி உலர்த்த வந்தவர், "நினோமியா சான், உங்க மரம் கருகிப் போச்சே, பாக்கலியா?" என்று கேட்டார். தொட்டுப் பார்த்தேன். இலை கையோடு நொறுங்கி வந்தது.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். மேற்குப் பார்த்த பால்கனியில், தொட்டியில் தாங்கக்கூடிய மேப்பிள் எது? இரண்டாவது, மலைப்பக்கம் இனா ஊரில் ஒருவர் வீட்டுத் தோட்டத்துக்குப் பரிசாக ஒரு மரம் அனுப்ப விரும்புகிறேன். உங்களிடம் இருப்பதிலேயே சிவப்பான மரம் எதுவோ அது வேண்டும்.

இப்படிக்கு,
நினோமியா கன்ஜி
(ஃபெர்ரி பயணச்சீட்டு அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவன்)


ஆன்கியோ
செப்டம்பர் 4

மதிப்பிற்குரிய நினோமியா சான்,

கடிதம் கிடைத்தது. முதலில் மன்னிப்பு. அந்தக் கேட்லாக் வரியை எழுதியது நான்தான். மூன்றாம் மாடியை யோசிக்கவில்லை.

செடி கட்டும் கொட்டகையில் உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். எங்களிடம் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் ஒகாபே சான் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "மேக்கு வெயில்ல தேஷோஜோவா? வாங்கறவர் கேக்கல சரி, விக்கற நீ கேக்க வேணாமா?" என்று என்னைத் திட்டினார். நியாயம்தான். இந்தத் தடவை கேட்டுவிடுகிறேன்.

பால்கனியில் வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது? கடல்காற்று நேரே அடிக்கிறதா? தொட்டி எவ்வளவு ஆழம், மண்ணா பிளாஸ்டிக்கா? தேஷோஜோ ஏப்ரலில் சிவப்பாக இருந்து ஜூனில் பச்சைக்கு மாறும். உங்கள் செடி பச்சையான பிறகு கருகியதா, அதற்கு முன்பேவா? அது தெரிந்தால் வெயிலா வேரா என்று சொல்லிவிடலாம். செடி செத்திருக்காது. சின்னக் கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

இனாவில் இருப்பவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன். ‘சிவப்பான மரம்’ என்று கேட்டால் என்னிடம் நாற்பது வகை இருக்கிறது. வசந்தத்தில் சிவப்பவை, இலை உதிரும் முன் சிவப்பவை, இலையே இல்லாமல் பனிக்காலத்தில் பட்டை மட்டும் சிவப்பவை. பார்க்கப் போகிறவர் யார் என்று தெரியாமல் மரம் சொல்ல முடியாது. வியாபாரத்துக்குத் தேவைக்கு மேலேயே கேட்கிறேன், பிறவிக் குணம்.

அன்புடன்,
கோகுரே இகுயோ


மட்சுயாமா
செப்டம்பர் 15

மதிப்பிற்குரிய கோகுரே சான்,

கேட்ட வரிசையிலேயே பதில். வெயில் பகல் ஒன்றரைக்கு வந்து ஆறே முக்காலுக்குப் போகிறது. கடல்காற்று நேரே அடிக்கிறது, சட்டைகள் உப்புப் பூத்து உலர்கின்றன. தொட்டி பிளாஸ்டிக், ஒரு சாண் ஆழம். ஜூனில் என்ன நடந்தது என்று கவனிக்கவில்லை. சுரண்டிப் பார்த்தேன், உள்ளே ஈரமாக இருந்தது. ஈரம் போதுமா?

இனாவில் இருப்பவர் மியாகோ. என் மனைவி. ஆறு வருடமாக அவள் சித்தி விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறாள். சண்டை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. விவாகரத்துப் பத்திரமும் எழுதவில்லை. புத்தாண்டுக்கு அட்டை அனுப்புகிறோம், ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று இருவரும் எழுதுகிறோம்.

அவள் நூலுக்குச் சாயம் போடுகிறவள். வேர், பட்டை, வெங்காயத் தோல் என்று எதையாவது கொதிக்க வைத்துக்கொண்டே இருப்பாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கும் சாயத்துக்கும் ஒரே அடுப்பு. ஒவ்வொரு நவம்பரிலும் மேப்பிள் பார்க்க மலைக்குப் போக வேண்டும் அவளுக்கு. முப்பத்தொரு வருடம் போனோம். ஒவ்வொரு தடவையும் நான் "அருமையா இருக்கு" என்று சொன்னேன். கடைசி வருடம் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "எது?" என்று கேட்டாள். "எல்லாமே" என்றேன். அவள் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து முன்னால் நடந்துவிட்டாள்.

அதனால்தான் சிவப்பான மரம். அவள் அதைத்தான் விரும்புவாள்.

நினோமியா கன்ஜி


ஆன்கியோ
செப்டம்பர் 23

அன்புள்ள நினோமியா சான்,

பால்கனிக்கு விடை கிடைத்துவிட்டது: ‘ஷிஷிகாஷிரா’, சிங்கத்தலை என்று அர்த்தம். இலை சுருண்டு, தடித்து, கிளையோடு ஒட்டிக் கொத்துக்கொத்தாக நிற்கும். வெயிலும் காற்றும் அதை அவ்வளவு சீக்கிரம் தின்னாது. வருடத்துக்கு ஒரு விரல் நீளம்தான் வளரும் என்பதால் தொட்டிக்கு அதைப்போல வேறில்லை. பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, மெருகு பூசாத மண்தொட்டியாக, இரண்டு சாண் ஆழத்தில் வாங்குங்கள். மூங்கில் தட்டி ஒன்றைக் கம்பியில் கட்டிவிடுங்கள். கோடையில் காலையும் மாலையும் தண்ணீர். இலை உதிர்ந்த பிறகு அனுப்புகிறேன்.

இனாவுக்கு மரம் சொல்வதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தவறாக இருந்தால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஏப்ரலில் தேஷோஜோ எவ்வளவு சிவப்பு என்றால், கொட்டகைக்கு வரும் தபால்காரர்கூட அதைப் பார்த்துத் திட்டுவார், கண் கூசுகிறதாம். நீங்கள் அதைக் கருமை என்று எழுதியிருந்தீர்கள். கருகியதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டீர்கள். பட்டைக்குள் பச்சை இருக்கிறதா என்று கேட்டேன், ஈரம் இருக்கிறது என்றீர்கள்.

நினோமியா சான், உங்களுக்குச் சிவப்பு எப்படித் தெரியும்?

குறை கண்டுபிடிப்பதற்காகக் கேட்கவில்லை. முப்பது வருடமாக இந்த மரங்களோடு இருக்கிறேன். இன்னொரு கண்ணுக்கு அவை எப்படித் தெரியும் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

இகுயோ


மட்சுயாமா
அக்டோபர் 14

கோகுரே சான்,

தங்கள் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். மூன்று வாரம் கழித்தும் மேசைமேல் இருக்கிறது.

நேராகக் கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன். சிவப்பு எனக்கு இருட்டாகத் தெரியும். நல்ல சிவப்பு என்று மற்றவர்கள் சொல்வது எனக்கு அணைந்த கரி. பச்சையும் பழுப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும். கடல் பக்கத்தில் பிறந்தது அந்த வகையில் அதிர்ஷ்டம்.

பதினெட்டு வயதில் ஃபெர்ரியில் மாலுமி ஆகப் போனேன். கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. பரிசோதித்தவர் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார். கடைசியில் என் தோளைத் தட்டி, "தம்பி, நீ கரையிலயே இரு. அதான் எல்லாருக்கும் நல்லது" என்றார். கரையிலேயே இருந்தேன், முப்பத்தேழு வருடம், சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால்.

எங்கள் அண்ணனுக்கும் இதே கண். அவனுக்குப் பேசி முடித்த பெண் வீட்டார் விஷயம் தெரிந்ததும் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உன் வாயால இது வெளிய வரக்கூடாது, சாகற வரைக்கும்" என்றாள். அம்மா போய்ச் சேர்ந்து இருபது வருடமாகிறது. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மியாகோவிடமும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் இரண்டு கண்டு நூலைத் தூக்கிக் காட்டுவாள். "எது நல்லாருக்கு?" என்பாள். எனக்கு இரண்டும் ஒன்று. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்பேன். முப்பத்தொரு வருடம், எத்தனை சாயங்காலம் என்று பாருங்கள். அவள் போகும்போது சொன்னது இதுதான்: "நீங்க நல்ல மனுஷன். ஆனா ஒரு தடவைகூட நான் காட்டினத நீங்க பாத்ததே இல்ல." நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

உலகத்தில் நானே சொல்லி இதை அறிந்த ஒரே ஆள் இப்போது நீங்கள்தான், முகம் தெரியாத ஒரு மரக்கடைக்காரர். அதுவே ஒரு மாதிரி வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதுவரை எழுதிவிட்டு நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிங்கத்தலை அனுப்புங்கள். தொட்டி வாங்கிவிட்டேன்.

கன்ஜி


ஆன்கியோ
நவம்பர் 24

அன்புள்ள நினோமியா சான்,

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. இலைகள் நிறம் மாறக் காத்திருந்தேன்.

இத்துடன் பன்னிரண்டு இலைகள், பழைய செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தியவை. ஒவ்வொன்றின் காம்பிலும் எண் ஒட்டியிருக்கிறேன். பெயர் எழுதவில்லை. இவற்றை மேசையில் பரப்பி, உங்களுக்கு எது எதோடு சேருகிறதோ அப்படி அடுக்கி, என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்றும். இரண்டும் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

"அந்த மனுஷன பரிட்சை எழுத வெக்கிறியா?" என்று ஒகாபே சான் கேட்கிறார். பரீட்சை இல்லை. சத்தியமாக எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு குறும்பு மட்டும் செய்திருக்கிறேன்: இரண்டு இலைகள் ஒரே வகை. கண்டுபிடிக்கிறீர்களா பார்ப்போம்.

இகுயோ


மட்சுயாமா
டிசம்பர் 2

அன்புள்ள கோகுரே சான்,

மூன்று நாளாக மேசையில் சாப்பிடவில்லை. மேசை முழுக்க இலை. பிரிவுபசாரத்துக்கு அலுவலகத்தில் கொடுத்த பூதக்கண்ணாடியை முதல் தடவையாக உறையிலிருந்து எடுத்தேன்.

எண் 2 வெள்ளை தெளித்த இலை. மேகத்தைக் கிழித்து இலையில் ஒட்டியது மாதிரி. இவ்வளவு அழகாக ஒரு மேப்பிள் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! எண் 7 இலையே இல்லை, நூல்கள். எண் 11 சிங்கத்தலைதானே? என் பால்கனிக்காரன், கைமுட்டி மாதிரி மடங்கியிருக்கிறான். 1, 5, 8 மூன்றும் எனக்குக் கரி. ஆனால் 5-இன் நரம்புகள் மட்டும் வெளிச்சமாக, ராத்திரித் துறைமுகத்தை மேலிருந்து பார்த்தது போல. எண் 6 மஞ்சள். கோகுரே சான், அது என்ன மஞ்சள்! ஜன்னலில் வைத்துவிட்டு அறையில் நடந்து நடந்து பார்த்தேன். எங்கிருந்து பார்த்தாலும் அதுதான் முதலில் தெரிகிறது. மலையில் முப்பத்தொரு வருடம் சுற்றிய எனக்கு ‘அருமையா இருக்கு’ என்பதை இன்றுதான் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது. அறையில் யாரும் இல்லை, இருந்தாலும் சொன்னேன்.

ஒரே வகை இரண்டு எவை என்று கேட்டீர்கள். எனக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. பன்னிரண்டும் வேறு வேறு. நீங்கள் 4-ஐயும் 9-ஐயும் நினைத்திருக்கலாம், அளவும் ஏழு விரலும் ஒத்துப்போகின்றன. ஆனால் அவை ஒன்றில்லை. 4 கறுப்பு, 9 அதைவிட ஒரு படி வெளிறியது. விளிம்பைப் பாருங்கள். 4-இல் பல் ஒரே சீராக, பொடியாக இருக்கிறது, நல்ல சீப்பு மாதிரி. 9-இல் ஒவ்வொரு பல்லின் மேலும் இன்னொரு குட்டிப் பல். இரண்டு வேறு ரம்பத்தால் அறுத்தது போல. ஒருவேளை உங்கள் எண் ஒட்டும்போது மாறியிருக்கும்.

கன்ஜி


ஆன்கியோ
டிசம்பர் 19

அன்புள்ள நினோமியா சான்,

எண் மாறவில்லை. மாறியது வேறு.

4-உம் 9-உம் ‘ஓசகஸுகி’. எல்லா மேப்பிளிலும் இலையுதிர்காலச் சிவப்புக்குப் பேர்போனது அதுதான். எங்களிடம் இரண்டு தாய்மரங்கள். இரண்டிலிருந்தும் குச்சி வெட்டித்தான் ஒட்டுக் கட்டி விற்கிறோம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரித்தேன், ‘பாவம், தோற்றுவிட்டார்’ என்று. பிறகு சும்மா இருக்க முடியாமல் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இரண்டாவது தாய்மரத்துக்குப் போனேன்.

குட்டிப் பல். ஒவ்வொரு பல்லின் மேலும்.

முழங்கால் போட்டு அடிமரத்தைத் துடைத்துப் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பெரும்பனியில் அந்த மரம் முறிந்தது. மறுபடி துளிர்த்ததே என்று சந்தோஷப்பட்டு விட்டுவிட்டேன். அந்தத் துளிர் ஒட்டுத் தழும்புக்குக் கீழே இருந்து வந்திருக்கிறது. மேலே இருந்த ஓசகஸுகி செத்து, வேருக்காக வைத்த மலைமேப்பிள் மரமாகிவிட்டது. அதற்கும் ஏழு விரல், அதுவும் சிவக்கும். சிவப்பைக் கண்டதும் என் கண் நின்றுவிடுகிறது, விளிம்பு வரை போவதில்லை. உங்கள் கண் அங்கே நிற்கவில்லை.

அப்படியென்றால் ஒன்பது வருடமாக நான் காட்டுமரத்தை ஓசகஸுகி என்று விற்றிருக்கிறேன். முந்நூற்றுச் சொச்சம் பேர். அன்றைக்குக் குனிந்து தழும்பைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவசரம், வேறொன்றுமில்லை.

ஒகாபே சானிடம் சொன்னேன். "யாருக்குத் தெரியப் போவுது? செவப்பாத்தானே இருக்கு?" என்றார்.

"ஒருத்தருக்குத் தெரிஞ்சுடுச்சே."

"அவரு சொல்லமாட்டாரு."

"சொல்லிட்டாரு, ஒகாபே சான். என்கிட்டயே சொல்லிட்டாரு."

அவர் கொஞ்ச நேரம் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி, விலாசப் பொட்டிய எடு" என்றார்.

எல்லாருக்கும் அட்டை எழுதுகிறோம், தவறு என்னுடையது, வேண்டியவர்களுக்கு உண்மையான மரம் அனுப்புகிறேன் என்று. முதல் அட்டையை எழுத மூன்று நாள் பிடித்தது. இரண்டாவதை எழுத மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பதில்களும் வர ஆரம்பித்துவிட்டன. தோயாமாவில் ஒருவர், ‘பேர் எதுவானாலும் இது என் மகள் பிறந்தபோது நட்ட மரம், யாரும் தொடக்கூடாது’ என்று எழுதுகிறார். நாராவில் ஒரு அம்மாள், இனிமேல் என் கேட்லாக்கை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார். இரண்டு பேரும் சொல்வது சரி.

உங்களுக்கு அப்படித் தெரியாவிட்டாலும், எனக்கு நீங்கள் செய்தது பெரிய உதவி. இனி இனாவின் மரம். எதை அனுப்பட்டும்? ஒன்று சொல்லுங்கள்: நட இருக்கும் இடம் வீட்டு இறவாரத்திலிருந்து எவ்வளவு தூரம்? கூரைப்பனி சரிந்து விழுந்தால் கிளை ஒடியும். இரண்டு ஆள் நீளமாவது தள்ளி இருக்க வேண்டும்.

இகுயோ

பி.கு. எண் 6-இன் பெயர் ‘இச்சிகியோஜி’. இலை ஓசகஸுகி மாதிரியே இருக்கும், நிறம் மட்டும் அது. மேகம் தெளித்தது ‘உகிகுமோ’. அது நிழலுக்கான மரம், உங்கள் பால்கனி அதைக் கொன்றுவிடும். கேட்கவே கேட்காதீர்கள்.


மட்சுயாமா
ஜனவரி 20

அன்புள்ள கோகுரே சான்,

புத்தாண்டு வாழ்த்துகள். சிங்கத்தலை பத்திரமாக வந்து சேர்ந்தது. இலையில்லாமல் ஒரு குச்சி மாதிரிதான் நிற்கிறது, ஆனாலும் காலையில் ‘என்னப்பா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் டீ போடுகிறேன். தேஷோஜோவைப் பக்கத்து வீட்டு அம்மாளின் கிழக்கு ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டேன். மொட்டு வைத்திருக்கிறதாம்.

இறவாரம் எவ்வளவு தூரம் என்று கேட்டீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். நேற்று போன் செய்தேன்.

"உன் வீட்டு எறவாரத்துலேர்ந்து தோட்டம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். ஆறு வருடத்துக்கு அப்புறம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.

"மரம் வெக்க."

"யாரு வெக்கப் போறா?"

"நான். நீ சரின்னா."

"உங்களுக்கு மரம் மேல எப்பலேர்ந்து அக்கறை?"

"ஆகஸ்டுலேர்ந்து" என்றேன். அவள் சிரித்தாளா, இருமினாளா தெரியவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். பனியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "கிழக்கால பதினோரு அடி. கிணத்துப் பக்கம்னா பதினஞ்சு" என்றாள்.

கிணற்றுப் பக்கம் வைக்கலாமா? மரம் இச்சிகியோஜி. ஓசகஸுகி இல்லை.

அவள் விரும்புவது சிவப்பு, எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியாத ஒரு சிவப்பைப் பற்றி முப்பத்தொரு வருடம் அவளிடம் பேசிவிட்டேன். அதையே மரமாகவும் கொண்டுபோய் நட வேண்டுமா? மஞ்சளை அவளும் பார்ப்பாள், நானும் பார்ப்பேன். ஒகாபே சான் இதற்கு ஏதாவது சொல்வார், அதையும் எழுதுங்கள்.

போனில் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. நேரில் சொல்வேன்.

கன்ஜி


ஆன்கியோ
மார்ச் 12

அன்புள்ள நினோமியா சான்,

மரம் நாளை கிளம்புகிறது. உங்கள் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரம். ஒட்டுத் தழும்பை நானே முழங்கால் போட்டு இரண்டு தடவை பார்த்தேன். மொட்டு இன்னும் தூங்குகிறது. இனாவில் மண் உறைவு விட்டதும், மொட்டு விரியும் முன் நட்டுவிடுங்கள். குழி அகலமாக, ஆழம் குறைவாக. தழும்பு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நட்டதும் தண்ணீர் தாராளமாக. ஒரு கழி நட்டு, லேசாகக் கட்டுங்கள், இறுக்க வேண்டாம்.

ஒகாபே சான் சொன்னது: "பரிசு அந்த அம்மாவுக்கா, தனக்கேவா?" உங்கள் கடிதத்தின் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். "சரி, சரி. நல்ல வேரா பாத்துக் கட்டு" என்று சொல்லிவிட்டு, கடைசியில் அவரே கட்டினார்.

என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் ஆசை இருக்கிறது.

இகுயோ


இனா, பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதி
மார்ச் 29

அன்புள்ள கோகுரே சான்,

மரத்தை மடியில் சாய்த்துக்கொண்டு இரண்டு ரயிலும் இரண்டு பஸ்ஸும் மாறி நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். நகோயாவில் ஒரு அம்மாள் மரத்துக்கும் சேர்த்து இடம் கொடுத்தார்.

மியாகோ வாசலில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்திருக்கிறது. அவள் ஏதாவது நன்றி சொல்லிவிட்டால் என் தைரியம் போய்விடும் என்று, வேலிக்கு வெளியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். விளக்கு, அண்ணன், அம்மா, நூல், மலை, எல்லாம். மரம் கையில் கனத்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

அவள் மண்வெட்டியை மண்ணில் ஊன்றினாள். கடைசியில், "சொல்லிட்டுப் போறதுக்கு வந்தீங்களா, இருந்து கேக்கறதுக்கு வந்தீங்களா?" என்றாள்.

"கேக்க" என்றேன்.

கேட்டேன். குழி வெட்டிக்கொண்டே திட்டினாள். நான் வாங்கப் போனால் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. "உங்க கண்ணுக்காக நான் வீட்ட விட்டு வரல, தெரியுதா? கண்ணு எப்படியிருந்தா எனக்கென்ன? முப்பத்தோரு வருஷம் ஒரு சுவத்துகிட்ட நூலக் காட்டிட்டிருந்தேன்னு நெனச்சேன். நான் போடற சாயம் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லன்னு நெனச்சேன். எத்தன தடவ அடுப்ப அணச்சிட்டு, இனிமே இத தொடமாட்டேன்னு உக்காந்திருக்கேன், தெரியுமா? ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டேன். "இன்னிக்கு மன்னிக்க முடியாது" என்றாள். சரி என்றேன்.

கிணற்றுப் பக்கம் பதினைந்து அடியில் நட்டோம். தழும்பு மேலே தெரிகிறது, பார்த்துவிட்டேன். நான் கழி நட்டேன், அவள் கட்டினாள். நான் சொன்னதைவிட இறுக்கமாகத்தான் கட்டினாள்.

பிறகு கிணற்றுமேடையில் உட்கார்ந்து டீ குடித்தோம். அவள் திடீரென்று தன் சட்டையைப் பிடித்துக் காட்டி, "இது என்னவாத் தெரியுது?" என்றாள். ஈர மண் என்றேன். அந்தக் கூரை? சாம்பல், ஓரத்தில் கொஞ்சம் நீலம். அந்த மலை? அதைச் சொல்ல ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் குறுக்கே பேசவில்லை. வேலி, வாளி, என் கைப்பை, பக்கத்து வீட்டு நாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். நான் சொல்லச் சொல்ல, அந்தப் பொருளையே மறுபடி திரும்பிப் பார்த்தாள். நாயைக் கேட்டபோது எழுந்து போய் அதைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். நாய்க்கு ஒன்றும் புரியவில்லை.

மட்சுயாமாவுக்கு அவள் திரும்பி வரமாட்டாள். அதைக் கேட்காமலேயே தெரிந்துகொண்டேன். இந்த மலையும் அடுப்பும் அவளுக்குப் பொருந்திவிட்டன. நானும் கேட்கவில்லை.

வெயில் மலைக்குப் பின்னால் போனதும், "ஊருக்குள்ள பஸ் எத்தன மணிக்கு?" என்றாள்.

"நாலு நாப்பதுக்கு" என்றேன்.

அவள் இரண்டு டீக்கோப்பையையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசற்படியில் நின்று, என் பக்கம் திரும்பாமலே, "ஆறு பத்துக்கும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வைத்தபடியே உள்ளே போனாள்.

ஆறு பத்தில்தான் விடுதிக்கு வந்தேன்.

அன்புடன்,
நினோமியா கன்ஜி